ஸ்பாசம் ஆய்வு: இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) அறைக் குறிப்புகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்ஃபன்டைல் ஸ்பாசம், கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வலிப்பு, பெரும்பாலும் 3 முதல் 12 மாதத்துக்குள் தொடங்கும். கழுத்து மடங்கும், கைகள் விரியும், ஓரிரு விநாடியில் முடிந்துவிடும். சற்று நேரத்தில் மறுபடி வரும், கொத்துக்கொத்தாக. கைகால் வெட்டி இழுத்து நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நினைக்கும் வீடுகளில் இதற்குப் பெயர் 'திடுக்கிடுது', 'வயித்துவலி', 'உரம் விழுந்திருக்கு'. உரம் எடுத்துப் பார்ப்பதிலேயே வாரங்கள் போய்விடுகின்றன. எத்தனை வாரம் போனது என்பது வளர்ச்சியைப் பாதிப்பதால் ஆய்வுப் படிவத்தில் ஸ்பாசம் தொடங்கிய தேதி மிக முக்கியம். 'எப்போ ஆரம்பிச்சது?' என்றால் பதில் வராது. 'பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா? சொட்டு மருந்து போட்டப்போ இருந்ததா?' என்று கேட்டால் வரும். செல்போன் வீடியோவில் பதிந்திருக்கும் தேதி அதைவிட உறுதி.

மார்ச் 6, வியாழன்

தலையில் எண்ணெய் இருந்தால் எலெக்ட்ரோடு (மூளை மின்னலையைப் பிடிக்கும் சிறு வில்லை) ஒட்டாது. முந்தைய நாளே ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டச் சொல்ல வேண்டும். மூக்குத்தண்டின் தொடக்கத்திலிருந்து பிடரி எலும்பு வரை, காதிலிருந்து காது வரை டேப்பால் அளந்து 10, 20 சதவீதப் புள்ளிகளைக் குறிக்கிறோம். இம்பீடன்ஸ் (தோலுக்கும் எலெக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்காகப் பேஸ்ட்டை அள்ளி அப்பக் கூடாது. சின்னத் தலையில் அது பரவி இரண்டு எலெக்ட்ரோடுகளை இணைத்துவிடும். அந்த ஜோடியில் கோடு தட்டையாகி, அலைகளின் உயரம் பொய்யாகக் குறையும். நாம் அளக்க வந்ததே அந்த உயரத்தைத்தான்.

இரு தோள்களிலும் தசைப் பதிவு கட்டாயம். ஸ்பாசம் என்றால் அந்தப் பதிவு ஒரு விநாடியில் பருத்து இளைத்து வைர வடிவில் தெரியும்; மயோக்ளோனஸ் (நொடிப்பொழுதில் முடியும் தசைத் துடிப்பு) ஊசி போல ஒல்லியாக இருக்கும்.

பால் கொடுப்பதை எலெக்ட்ரோடு ஒட்டி முடித்த பிறகு வைத்துக்கொண்டால் குழந்தை தானாகத் தூங்கும். அம்மா தட்டிக்கொடுத்தால் அந்தத் தாளமும் அலையாகப் பதியும். அப்போதே குறித்துவிட வேண்டும். குழந்தை விழித்ததும் மெஷினை நிறுத்தும் பழக்கம்தான் பெரிய கேடு. ஸ்பாசம் கொத்தாக வருவதே விழித்த நிமிடங்களில். விழித்தபின் குறைந்தது 15 நிமிடம் ஓடட்டும். விழித்திருக்கும்போது மட்டும் எடுத்த அரை மணிப் பதிவை வைத்து 'இல்லை' என்று எழுதக் கூடாது.

மார்ச் 11, செவ்வாய்

வழக்கமான 7 மைக்ரோவோல்ட்/மி.மீ. திரை அளவில் ஹிப்ஸாரித்மியாவின் (இந்த நோயில் காணும் உயரமான, ஒழுங்கற்ற அலைகளின்) கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். 20 அல்லது 30க்கு மாற்ற வேண்டும். 'ஹிப்ஸாரித்மியா உண்டா?' என்று கேட்டால் தேர்ந்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடுகிறது. அதனால் பதிவு எவ்வளவு மோசம் என்பதற்கு 0 முதல் 5 வரை தரும் பேஸ்டு (BASED) மதிப்பெண்ணையே பயன்படுத்துகிறோம். தூக்கத்தில் மிக மோசமான 5 நிமிடத்துக்கு மதிப்பெண். கனவு காணும் ரெம் தூக்கத்தில் ஹிப்ஸாரித்மியா அடங்கிவிடும். அந்தப் பகுதியை எடுத்தால் மருந்து வேலை செய்ததாகத் தோன்றும்.

பதிவு சிகிச்சைக்கு முந்தையதா பிந்தையதா என்பது மதிப்பிடுபவருக்குத் தெரியக் கூடாது. தேதியை மறைத்தால் போதாது, வீடியோவையும் நீக்க வேண்டும். ஸ்டீராய்டால் உப்பிய கன்னம் காட்டிக்கொடுத்துவிடும். வீடியோவை வேறொருவர் தனியாகப் பார்த்து ஸ்பாசங்களை எண்ணுகிறார்.

மார்ச் 18, செவ்வாய்

ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 10 மி.கி., நாளைக்கு நான்கு வேளை. ஒரு வாரத்தில் ஸ்பாசம் நிற்காவிட்டால் 20 மி.கி., மூன்று வேளை. 14 நாளுக்குப் பின் படிப்படியாகக் குறைப்பு. 2004இல் வெளியான பிரிட்டன் ஆய்வின் முறை இது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தோல் முதலியவற்றில் கட்டிகள் வரும் மரபணு நோய்) இருந்தால் விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்துதான் முதலில். அந்த நோயின் அடையாளமான வெளிறிய இலை வடிவத் திட்டு இருக்கிறதா என்று வுட்ஸ் விளக்கில் (புற ஊதா விளக்கில்) தோலை முழுக்கப் பார்த்தபிறகே தொடங்குகிறோம். காசநோய்ச் சோதனையும் முன்பே. இடையில் ரத்த அழுத்தம், சர்க்கரை.

ஸ்பாசம் நின்றதும் வீட்டில் மருந்தை நிறுத்திவிடுவது உண்டு. ஸ்டீராய்டால் அட்ரீனல் சுரப்பி அடங்கியிருக்கும் நேரத்தில் அது உயிருக்கே ஆபத்து என்பதை அம்மா, பாட்டி இருவரிடமும் சொல்லி, அட்டையிலும் எழுதித் தருகிறோம்.

2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் ஹார்மோனும் (ப்ரெட்னிசோலோன் போன்ற மருந்து) விகாபாட்ரினும் சேர்த்துப் பெற்றவர்களில் 72 சதவீதத்தினருக்கு ஸ்பாசம் நின்றது. ஹார்மோன் மட்டும் பெற்றவர்களில் 57. ஆனால் 18 மாத வயதில் வளர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை. 'பாதியாகக் குறைஞ்சிருக்கு' என்பது இந்த நோயில் வெற்றி அல்ல. ஒன்று நிற்க வேண்டும், இல்லையேல் அடுத்த மருந்து. வீட்டில் நின்றுவிட்டது என்றாலும் இரண்டு வாரம் முடிந்ததும் தூக்கமும் விழிப்பும் சேர்ந்த பதிவு மறுபடி எடுக்கிறோம்.