லேசரில் வெட்டிய தகட்டின் கோர் லாஸை அளந்த கதை

கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார் வடிவமைப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மாதிரி மோட்டாரை நோ-லோடு சோதனையில், அதாவது சுமை இல்லாமல் ஓட்டி, உராய்வு இழப்பையும் செப்புக் கம்பியின் இழப்பையும் கழித்துப் பார்த்தால், கோர் லாஸ் (மோட்டாரின் இரும்புத் தகடுகளில் காந்தப்புலம் மாறும்போது வெப்பமாக வீணாகும் சக்தி) கணினிக் கணக்கைவிட நன்றாகவே கூடுதல்.

தகடு எம்400-50ஏ என்ற கிரேடு மின்னியல் எஃகு. அதாவது 0.5 மி.மீ. கனம், 1.5 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸில் இழப்பு கிலோவுக்கு 4 வாட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்த எண் 30 மி.மீ. அகலப் பட்டைகளில் அளந்தது. என் ஸ்டேட்டரின் (மோட்டாரின் சுழலாத பகுதி) பல்லோ, அதாவது கம்பிச்சுற்றுகளுக்கு இடையே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பகுதியோ, 5 மி.மீ.தான். லேசர் வெட்டும்போது ஓரம் சூடேறிச் சட்டென்று ஆறுகிறது. அங்கே தங்கிவிடும் இறுக்கம் காந்தப் புலக்கூறுகளின் (ஒரே திசையில் காந்தமான நுண்பகுதிகள்) சுவர்களை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பல் குறுகக் குறுக, கெட்டுப்போன பகுதியின் பங்கு கூடும். இதை அளந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஸ்டேட்டரை வெட்டிய அதே மெஷினில் பட்டைகள் வெட்டச் சொன்னேன். முழு 30 மி.மீ. ஒன்று, அப்புறம் அதே அகலத்தை 15, 10, 7.5 மி.மீ. துண்டுகளாகப் பிரித்தவை. 7.5இல் வெட்டு விளிம்பு நான்கு மடங்கு. பாதிப் பட்டைகள் உருட்டு திசையில் (ஆலையில் தகட்டை உருட்டி நீட்டிய திசை), மீதி அதற்குக் குறுக்காக. கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் அம்புக்குறி.

அளக்க எப்ஸ்டைன் ஃபிரேம், அதாவது பட்டைகளைச் சுருள்களுக்குள் சதுரமாக அடுக்கி இழப்பை அளக்கும் கருவி. 700 சுற்று, சதுரமாக நான்கு சுருள்கள். ஒவ்வொன்றிலும் காந்தமேற்ற முதல் சுருள், மின்னழுத்தத்தை அளக்க இரண்டாம் சுருள். மூலைகளில் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றி அடுக்குவதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. சின்ன இடைவெளி விழுந்தாலும் அளவு மாறும். ஒவ்வொரு முறையும் காந்தத்தை முழுதும் நீக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 1.5 டெஸ்லாவுக்கு மேல் போனால் இரண்டாம் சுருளின் மின்னழுத்தம் சைன் அலையாக நிற்காது. அதன் வடிவக் காரணி (ஆர்.எம்.எஸ். மதிப்பைச் சராசரி மதிப்பால் வகுத்தது; சைன் அலைக்கு 1.11) 1.11இலிருந்து ஒரு சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த அளவை ஏற்கக் கூடாது.

பட்டை குறுகக் குறுக இழப்பு ஏறியது. 1 டெஸ்லா வாக்கில் காந்த உட்புகுதிறன் (தகடு எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்பது) தெளிவாகச் சரிந்தது. செறிவை, அதாவது தகடு இனி மேலும் காந்தமாக முடியாத நிலையை நெருங்கும்போது, வெவ்வேறு அகலப் பட்டைகளின் காந்தமாக்க வளைகோடுகள் மறுபடி ஒட்டி வந்தன. பல்லை ஓரம், நடு என இரண்டு பகுதிகளாகப் பிரித்து, இந்த வளைகோடுகளை மென்பொருளில் கொடுத்தேன். கணக்கு மோட்டாரை நெருங்கி வந்த அன்று எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோஷம்.

பிறகு பட்டைகளை நைட்ரஜன் சூழலில் 750 டிகிரி செல்சியஸ் வாக்கில் அனீல் செய்தோம், அதாவது சூடேற்றி மெதுவாக ஆறவிட்டு இறுக்கத்தைப் போக்கினோம். இழந்ததில் பெரும்பகுதி திரும்பி வந்தது. அதற்கு முன்பு தகட்டின் பூச்சு அந்தச் சூட்டைத் தாங்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கரிமப் பூச்சு கருகிவிடும். ஸ்டேட்டருக்குத் தகடு வாங்கும்போதே அதே காயிலிலிருந்து (ஆலையிலிருந்து வரும் தகட்டு உருளை) பட்டைகளுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஒரே கிரேடாக இருந்தாலும் காயிலுக்குக் காயில் இழப்பு மாறுகிறது.