ஜாடி, குவளை, மூன்று எலுமிச்சை: ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு ஸ்டில் லைஃப் (அசையாப் பொருட்களின் படம்)

பொருட்கள்: வெள்ளைப் பீங்கான் ஜாடி, பாதி தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குவளை, மூன்று எலுமிச்சை, கசங்கிய துணி. இடப்பக்கம் ஒரே ஜன்னல். அறை விளக்குகளை அணைத்தாயிற்று. மஞ்சள் பல்பு சுமார் 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு), பகல் வெளிச்சம் 5500-ஐ ஒட்டியது. இரண்டும் கலந்தால் நிழல் பக்கம் ஆரஞ்சு ஏறும், வொயிட் பேலன்ஸில் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பு) ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும்.

முதல் சுற்றில், மேசையருகே நின்று கண்ணுக்கு அழகாக அடுக்கிவிட்டுப் பிறகு கேமராவை வைத்தது தவறு. திரையில் பார்த்தால் ஒரு எலுமிச்சையின் விளிம்பு ஜாடியின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. குவளையின் வாய் ஜாடியின் தோளோடு ஒரே கோட்டில் விழுகிறது. இரண்டு கண்ணுக்குத் தெரியும் இடைவெளி ஒற்றை லென்ஸுக்குத் தெரியாது. விளிம்புகள் உரசினால் பொருட்கள் ஒட்டிக்கொண்டதுபோல் ஆகி ஆழம் போய்விடும். ஒன்று தெளிவாக மறைக்க வேண்டும், இல்லையென்றால் தெளிவாக விலக வேண்டும்.

ஆகவே இரண்டாம் சுற்றில் வரிசை தலைகீழ். முதலில் ட்ரைபாட், முழுச்சட்டக சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் அளவு), 50 மி.மீ. லென்ஸ், 1 மீட்டர் தூரம், ஜாடியின் வாய் வட்டம் லேசாகத் தெரியும் உயரம். ஜாடியை மட்டும் வைத்து ஒரு சோதனைப் படம். பிறகு குவளை, பிறகு எலுமிச்சைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். இடம் உறுதியானதும் அடியில் சிறு டேப் துண்டால் குறி. உருளும் பழத்துக்குப் பின்னால் ஒட்டுக்களிமண் ஒரு சிட்டிகை போதும். மூன்றாவது எலுமிச்சையைப் பாதியாக நறுக்குவது கடைசி வேலை; வெட்டிய முகம் சீக்கிரம் மங்கிவிடும், ஈரத் தூரிகையால் ஒரு தடவு தடவினால் பளபளப்பு திரும்பும்.

அதிக நேரம் பிடித்தது வெளிச்சம்தான். மேசை ஜன்னலிலிருந்து அரை மீட்டரில் இருந்தபோது ஜாடி வெளுத்து, வலக்கோடி இருண்டது. ஒன்றரை மீட்டருக்குத் தள்ளியதும் வெளிச்சம் சமமாகப் பரவியது, ஆனால் நிழலின் ஓரம் கூர்மையானது; தள்ளிப் போகப் போகப் பொருளுக்கு ஜன்னல் சிறிதாகிவிடுகிறதே, அதனால். 1 மீட்டரில் நிறுத்தி, ஜன்னலில் டிரேசிங் பேப்பர் ஒட்டியதும் ஜாடியில் தெரிந்த கம்பி நிழலும் கரைந்தது. வலப்பக்கம் வெள்ளை அட்டையை 20 செ.மீ.-இல் வைத்தால் நிழலே இல்லாமல் ஜாடி தட்டையாகிறது. 50 செ.மீ. சரி.

குவளைதான் பிடிவாதக்காரன். அடர்சாம்பல் பின்னணி 70 செ.மீ. பின்னால் இருந்ததால், கண்ணாடியின் வலவிளிம்பு அதில் கரைந்து காணாமல் போனது. இருண்ட பின்னணியில் கண்ணாடிக்கு வெளிச்ச விளிம்பு வேண்டும்: வெள்ளை அட்டைத் துண்டு ஒன்றைக் குவளைக்கு வலப்புறம் சற்றுப் பின்னால், சட்டகத்துக்கு வெளியே நிறுத்தியதும் மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்தது. பின்னணி வெள்ளையாக இருந்திருந்தால் அதே இடத்தில் கறுப்பு அட்டை. கைரேகையைத் துடைத்த பின் பருத்திக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

முன் எலுமிச்சையிலிருந்து ஜாடியின் பின்விளிம்புவரை 25 செ.மீ. இந்தத் தூரத்தில் எஃப்/2.8 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) தரும் கூர்மையின் ஆழம் ஏறக்குறைய 7 செ.மீ., எஃப்/8-இல் 19, எஃப்/11-இல் 26. எனவே எஃப்/11, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1 நொடி, 2 நொடி டைமர், ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி) அணைப்பு. எஃப்/22-க்குப் போனால் ஒளி விளிம்பு விலகலால் படம் முழுவதும் மசமசக்கும்.

மிச்சமிருந்த குறை எலுமிச்சையின் மஞ்சள். பொது ஹிஸ்டோகிராமில் (இடமிருந்து வலம் இருளிலிருந்து வெளிச்சம்வரை காட்டும் வரைபடம்) எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு நிறத்துக்கான தனி வரைபடம் வலச்சுவரில் முட்டியிருந்தது, அதாவது சிவப்பு அளவு மீறியிருந்தது. தோலின் புள்ளிகள் அழிந்து மஞ்சள் பூசியதுபோல் ஆனது அதனால்தான். வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுத்த படத்தில் புள்ளிகள் திரும்பின.