1934ஐத் தாண்டக் கூடாது

எங்கள் சரித்திர ஆசிரியர் "விபரிக்குக" என்று கேள்வி தரமாட்டார். 1931இல் இலங்கைக்கு வந்த டொனமூர் அரசியல் யாப்பின் சிறப்பியல்புகளை விபரிக்கச் சொன்னால் நாற்பது கொப்பியிலும் ஒரே நோட்ஸ்தான் வரும். திருத்துகிறவருக்கு நித்திரை வரும். அவர் தந்த கேள்வி இது: "1931 அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணத்தில் பகிஷ்கரித்தது சரியா? பருத்தித்துறை வாக்காளர் ஒருவருக்குக் கடிதமாக எழுதுக. 1934க்குப் பிறகு நடந்த எதையும் சொல்லக் கூடாது."

கடைசி வரியில்தான் சூட்சுமம். அது இல்லாவிட்டால் எல்லாரும் 1956 தனிச்சிங்களச் சட்டத்துக்கும் 1983 இனக்கலவரத்துக்கும் பாய்ந்துவிடுவார்கள். பிந்தி வந்த அறிவை வைத்து முந்தினவர்களை மடக்க மூளை தேவையில்லை. அந்த வாசலை அடைத்தால், அன்றைய ஆட்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று தேடத்தான் வேணும்: பூரண சுயாட்சி கேட்டுப் பகிஷ்கரிப்புக்கு அழைத்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், அதன் முன்னணித் தலைவர் ஹண்டி பேரின்பநாயகத்தின் பேச்சு, ஆண் பெண் இருபாலாருக்கும் கிடைத்த வாக்கு, எடுபட்டுப்போன இனவாரிப் பிரதிநிதித்துவம், 1934 வரை வெறுமையாய்க் கிடந்த நாலு வடபகுதி ஆசனங்கள்.

முழுக் கட்டுரையை ஒரேயடியாகக் கேட்கமாட்டார். முதற் கிழமை அரைப் பக்கம்: தன் முடிவு ஒரு வசனம், ஆதாரம் இரண்டு, மறுபக்கத்தின் பலமான வாதம் ஒன்று. கொப்பிக்கு மூன்று நிமிஷப்படி நாற்பதும் இரண்டு மணித்தியாலத்தில் முடியும். இந்தக் கட்டத்தில் எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை கிடையாது. அது பட்டால் பிள்ளைகள் ரகர றகரத்தை மட்டும் திருத்திவிட்டு வாதத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். விளிம்பில் இரண்டே கேள்வி: "இது உமக்கு எப்படித் தெரியும்?", "இதை மறுக்கிறவர் என்ன சொல்லுவார்?"

சறுக்குவது பெரும்பாலும் அந்த மறுபக்கத்தில்தான். "சிலர் பிழை என்பர், அது தவறு" என்று ஒரு வெருளியை நட்டு, தானே தள்ளி விழுத்துவார்கள். அதற்கு மருந்து, கொப்பி மாற்றுவது. எதிர்ப்பக்கம் எழுதியவர் அந்தப் பந்தியை வாசித்து, "என் வாதம் இதுதான்" என்று ஒப்பமிட வேணும். ஒப்பம் இல்லையென்றால் திரும்ப எழுத வேண்டியதுதான். வகுப்பு முழுக்க ஒரே பக்கம் சாய்ந்தால் வாங்கு வாரியாகப் பக்கம் பிரித்துவிடுவார். "இரு பக்கமும் நியாயம் உண்டு" என்று நழுவுகிறவருக்கு முடிவுக்கான புள்ளி பூச்சியம்.

மொத்தம் 20: முடிவு 4, ஆதாரம் 6, மறுபக்கம் 6, மொழி 4. இந்தக் கணக்கு கேள்வியோடேயே கரும்பலகையில் எழுதப்படும். இரண்டாம் முறை எழுதும்போது பக்கம் மாறினால் புள்ளி குறையாது. மாற வைத்த ஆதாரம் எது என்று மேலே ஒரு வரி எழுத வேணும், அவ்வளவுதான்.