லாட் பிரிந்தால் எங்கே எழுதுவது?

சத்துவாச்சாரியில் 4 பேர் சேர்ந்து சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறோம். மேல்விஷாரம் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலைக்கு ஸ்டாக் கணக்கு செய்தபோது நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

சாஃப்ட்வேர் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ரிக்வயர்மெண்ட் ஆவணம் 40 பக்கம். முதலாளி ஒரு வாரம் வைத்திருந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதோடு ரிவ்யூ முடிந்தது என்று நம்பி 4 மாதம் உட்கார்ந்து கோட் எழுதினோம். பிறகு குடோனில் லேப்டாப்பைத் திறந்து காட்டினோம். சூப்பர்வைசர் அண்ணன் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, லாட் பிரிஞ்சா எங்க எழுதறது?"

எங்களிடம் பதில் இல்லை. லாட் என்றால் ஒன்றாகக் கணக்கு வைக்கும் ஒரு தொகுதித் தோல். உப்புப் போட்ட பச்சைத் தோல் பீஸ் கணக்கில் வருகிறது, பதனிட்டு வெட் ப்ளூ (ஈரமான, நீல நிறத் தோல்) ஆனதும் தரம் பிரிக்கிறார்கள், அப்போது ஒரே லாட் மூன்று நான்காகி வேறு வேறு ஆர்டருக்கு, வேறு வேறு கலருக்குப் போகிறது, சில சமயம் இரண்டு லாட்டில் மிஞ்சியது சேர்ந்து ஒரு சின்ன ஆர்டரும் ஆகிறது. விற்பது சதுர அடியில். அந்த அளவும் நிலையாக இருக்காது, தோலை இழுத்துக் கட்டிக் காயவைத்தால் பரப்பு மாறிவிடும். நாங்களோ ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே லாட் நம்பர், ஒரே அளவு என்று டேட்டாபேஸில் டேபிள் போட்டிருந்தோம். அண்ணன் இதையெல்லாம் ஒரு நீளமான நோட்டில், பிரிந்ததற்கு ஒரு கலர், சேர்ந்ததற்கு ஒரு கலர் என்று பேனா மாற்றி எழுதி வைத்திருக்கிறார். உண்மையான ரிக்வயர்மெண்ட் அந்த நோட்டுதான். நாங்கள் கேட்கவே இல்லை.

முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வேண்டியது மாதக் கடைசி ரிப்போர்ட், அது ஆவணத்தில் சரியாகவே இருந்தது. காசு கொடுக்கிறவரும் தினமும் கையால் தொடுகிறவரும் வேறு ஆட்கள் என்பதை யோசிக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஒரு கட்டம் முழுக்க முடிந்த பிறகே அடுத்த கட்டம் என்று போகும் வாட்டர்ஃபால் முறைக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, கடைசியில் ஒப்படைக்கும் வரை காத்திருக்காமல் இடையிடையே வாடிக்கையாளரை உள்ளே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். சின்னச் சின்னதாகச் செய்து காட்டித் திருத்தச் சொல்லும், 2001இல் வந்த அஜைல் அறிக்கையும், ஓடுகிற சாஃப்ட்வேரை இரண்டு வாரம் முதல் இரண்டு மாதத்துக்குள் ஒருமுறை கொடு என்கிறது. படித்திருந்தோம், செய்யவில்லை.

டேபிள்களைத் திரும்ப எழுத 6 வாரம் ஆனது.

அப்புறம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வியாழக்கிழமை குடோனுக்குப் போக ஆரம்பித்தோம் (வெள்ளி மதியம் அங்கே தொழுகை நேரம்). புது ஸ்க்ரீன் என்றால் கோட் எழுதும் முன் பேப்பரில் வரைந்து காட்டுவோம். முடிந்த ஸ்க்ரீனில் அந்த வார நோட்டுக் கணக்கை அண்ணனே டைப் செய்வார், நாங்கள் கீபோர்டைத் தொடக் கூடாது. அவர் எங்கே விரலை நிறுத்தி யோசிக்கிறாரோ அங்கே குறித்துக்கொள்வோம். வாயால் சொல்லும் குறையைவிட அந்தத் தயக்கம் எங்களுக்கு நிறையச் சொல்லிக் கொடுத்தது.

சண்டையும் வந்தது. பதிந்த அளவைத் திருத்த வழி வேண்டும் என்றார் அண்ணன், ஜிஎஸ்டி பில் போன பிறகு யாரும் கை வைக்கக் கூடாது என்றார் கணக்கர். முன்பென்றால் போனில் தனித்தனியாகப் பேசி இரண்டு பேரிடமும் சரி சரி என்றிருப்போம். இந்த முறை ஒரே மேஜையில் டீ வாங்கி வைத்து உட்கார வைத்தோம், பழைய அளவு அப்படியே இருக்கட்டும், திருத்தத்தைக் காரணத்தோடு தனி வரியாகப் பதியலாம் என்று அரை மணி நேரத்தில் அவர்களே முடிவுக்கு வந்தார்கள்.

நோட்டை அண்ணன் இன்னும் விடவில்லை. போன வியாழன் அதில் புதிதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டிருந்தார், ஜாப் வொர்க்குக்கு (கூலிக்கு வேலை செய்து தரும் வேறு இடத்துக்கு) வெளியே போய்த் திரும்பி வந்த பீஸ். அதைப் பேப்பரில் வரைந்து அடுத்த வியாழன் எடுத்துப் போகிறோம்.