ஸ்லைடும் அறிக்கையும் ஒன்றல்ல

கூட்டம் முடிந்ததும் பேசியவரிடம் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது, "ஸ்லைடுகளை மெயிலில் அனுப்பிவிடுகிறீர்களா?" என்பதுதான். பிறர் தயாரித்த ஸ்லைடுகளைச் சீர்செய்து தருவது என் வேலையின் ஒரு பகுதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. திரையில் படிக்க முடியாத ஸ்லைடுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியை முன்கூட்டியே எதிர்பார்த்து எழுதப்பட்டவை என்பது அதில் நான் கண்டது. கூட்டத்துக்கு வராதவருக்கும் பிறகு படித்தால் விளங்க வேண்டுமென்று, வாயால் சொல்ல வேண்டிய அனைத்தையும் ஸ்லைடில் எழுதிவிடுகிறார்கள். அது அறிக்கையாகவும் நிறைவு பெறுவதில்லை, திரையில் காட்டவும் உதவுவதில்லை.

எனவே உதவி கேட்டு வருபவர்களிடம், விவரங்களையெல்லாம் இரண்டு பக்கக் குறிப்பாகத் தனியே எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். இரட்டை வேலை என்று முதலில் சலித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் குறிப்பு கையில் இருந்தால்தான் ஸ்லைடிலிருந்து வரிகளை நீக்க மனம் வருகிறது.

அடுத்து நான் பார்ப்பது தலைப்பை. "மூன்றாம் காலாண்டு விற்பனை நிலவரம்" என்ற தலைப்பின் கீழ் எதை வேண்டுமானாலும் போடலாம் என்பதால் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். "விநியோகம் தாமதமானதால் மூன்றாம் காலாண்டு விற்பனை குறைந்தது" என்று அதையே முழு வாக்கியமாக மாற்றினால், எக்செல்லிலிருந்து அப்படியே ஒட்டப்பட்ட பன்னிரண்டு நெடுவரிசை அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகள் போதும் என்பது எழுதியவருக்கே தெரிந்துவிடுகிறது. சில நேரங்களில் ஒரே ஸ்லைடில் இரண்டு செய்திகள் இருப்பதும் அப்போதுதான் வெளிப்படும். அதை இரண்டாகப் பிரிப்பதே முறை. பத்து ஸ்லைடுகளுக்கு மேல் கூடாது என்று சில மேலாளர்கள் விதிக்கும் கட்டுப்பாட்டில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணிக்கை குறைகிறதே தவிர எழுத்துகள் குறைவதில்லை, அவற்றின் அளவுதான் சுருங்குகிறது.

தலைப்பு ஒன்றும் உள்ளடக்கம் வேறொன்றும் சொல்வதன் அபாயத்துக்கு நாசாவின் கொலம்பியா விண்ணோடம் ஓர் உதாரணம். 2003 ஜனவரியில் அது ஏவப்பட்டபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இறக்கையைத் தாக்கியது. அதன் பாதிப்பை மதிப்பிட்ட பொறியாளர்களின் ஸ்லைடு ஒன்றில், தலைப்பு நிலைமை கவலைக்குரியதல்ல என்று எண்ணும்படி அமைந்திருந்தது. அந்தத் தலைப்பு நம்பியிருந்த சோதனையில் பயன்பட்ட துண்டு வெறும் 3 கன அங்குலம், மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட நுரையோ 1,920 கன அங்குலம் என்ற முக்கியத் தகவல் கீழே உள் புல்லட்டுகளுக்குள் புதைந்து கிடந்தது. பிப்ரவரி 1 அன்று விண்ணோடம் திரும்பும் வழியில் சிதறி, ஏழு விண்வெளி வீரர்களும் உயிரிழந்தனர். விபத்துக்கு அந்த ஸ்லைடுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் விசாரணைக் குழுவின் அறிக்கை அதைத் தனியே எடுத்து விமர்சித்திருக்கிறது.

தமிழில் ஸ்லைடு செய்பவர்களுக்குச் சில கூடுதல் சிக்கல்கள் உண்டு. 'கி', 'கீ' போன்றவற்றின் மேல்வளைவுகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் மேலே ஏறுகின்றன, 'கு', 'ழு', 'ரு' போன்றவை கீழே இறங்குகின்றன. வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதுபோல நெருக்கமாக வைத்தால், மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் உரசிக்கொள்ளும். சொற்களும் நீளமானவை, "நடைமுறைப்படுத்தப்படவில்லை" என்ற ஒரே சொல் குறுகிய அட்டவணைக் கட்டத்தில் இரண்டு மூன்றாக உடைந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் அடித்து, முன்னெச்சரிக்கையாக ஒரு பிடிஎஃப் பிரதியையும் வைத்துக்கொள்வது நல்லது.

நிறத் தேர்வை மடிக்கணினித் திரையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. புரொஜெக்டரால் கறுப்பை உமிழ முடியாது. விளக்கெரியும் அறையில் வெள்ளைத் திரை எவ்வளவு வெளிறித் தெரிகிறதோ அதுதான் அங்கே கறுப்பு. அடர்நீலப் பின்னணியில் சாம்பல் எழுத்து வைத்தவர்கள் கூட்ட அறைக்குப் போன பிறகே இதை உணர்கிறார்கள். இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு கேட்கிறது. புரொஜெக்டருக்கு அதைவிடத் தாராளமாகவே வைக்கிறேன். வரைபடத்தில் சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பாமல், ஒவ்வொரு கோட்டின் முனையிலும் அதன் பெயரை எழுதிவிட்டால், நிறம் பிரித்தறிய இயலாதவர்களுக்கும் சிரமமிருக்காது.

பேசப்போவதே இல்லை, கோப்பு மட்டும்தான் மெயிலில் போகப்போகிறது என்றால் இவற்றில் பலவும் தேவையில்லை. அப்படிப்பட்ட வேலை வரும்போது டெம்ப்ளேட்டைத் திறக்காமல், அந்த இரண்டு பக்கக் குறிப்பையே செம்மைப்படுத்தி அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.