பச்சையும் வெளிர் மஞ்சளும் ஒரே கடற்பஞ்சுதானா? ஊசிகளைப் பிரித்துப் பார்த்தேன்

இங்கிலாந்தின் டெவனில் வெம்பரி கடற்கரைப் பாறைகளில் பச்சையாகப் படர்ந்திருக்கும் கடற்பஞ்சும், புயலுக்குப் பிறகு ஒதுங்கும் கெல்ப் பாசியின் வேர்ப்பிடியில் வெளிர் மஞ்சளாக ஒட்டியிருப்பதும் ஒரே இனமா என்று ரொம்ப நாளாக ஒரு கேள்வி. இரண்டையும் பிய்த்தால் ரொட்டித்தூள் மாதிரி உதிரும், பட்டாசு வெடித்த இடத்து வாசனை வரும். ஹாலிகோண்ட்ரியா பனீசியா என்ற கடற்பஞ்சு இனமாக இருக்கும் என்று நினைத்தேன். வெளிச்சம் படும் இடத்தில் உடம்புக்குள் நுண்பாசி குடியேறுவதால் அது பச்சையாகும், நிழலில் வெளிறிவிடும்.

முதலில் குட்டையில் சேற்றை லேசாகக் கலக்கிவிட்டுப் பார்த்தேன். எரிமலை வாய் மாதிரி எழுந்து நிற்கும் பெரிய துளைகளுக்கு மேலே துகள்கள் மெல்ல உந்தப்பட்டுப் போயின! வாய், குடல், நரம்பு எதுவும் இல்லாத உயிர், கண்ணுக்குத் தெரியாத துளைகளால் நீரை இழுத்து, உள்ளே சாட்டை மயிர் செல்களால் பாக்டீரியாவைப் பிடித்துக்கொண்டு, மிச்ச நீரை இந்தப் பெரிய துளை வழியாக வெளியே விடுகிறது.

அப்புறம் இரண்டிலிருந்தும் பாசிப்பயறு அளவு எடுத்து, தனித்தனிக் குப்பியில் வீட்டு பிளீச்சில் ஓர் இரவு ஊறவிட்டேன். சதை கரைந்து, கடற்பஞ்சுக்கு எலும்புக்கூடு மாதிரி இருக்கும் நுண்ணிய ஊசிகள் மட்டும் அடியில் தங்கும். முதல் தடவை அவசரப்பட்டுத் தண்ணீரைக் கொட்டியதில் ஊசிகளும் போய்விட்டன. அடுத்த தடவை ஒவ்வொரு கழுவலுக்கும் ஒரு மணி நேரம் படியவிட்டேன். ஐந்து தடவை. பிளீச் வாசனை முழுசாகப் போகும்வரை அடுத்த சோதனைக்கான வினிகரைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

ஸ்லைடில் ஒரு சொட்டு. கண்ணாடி இழை மாதிரி நூற்றுக்கணக்கான ஊசிகள், இரண்டு முனையும் கூர், நடுவில் லேசான வளைவு, பெரும்பாலும் கால் மில்லிமீட்டர். வினிகர் விட்டும் குமிழி இல்லை, அதனால் சுண்ணாம்பு இல்லை, சிலிக்காதான். பச்சையிலும் மஞ்சளிலும் ஒரே ஊசி!

ஆனால் இதே மாதிரி ஊசி ஹாலிகோண்ட்ரியா பவர்பாங்கி என்ற நெருங்கிய இனத்துக்கும் உண்டு. பிரித்துக் காட்டுவது மேல்தோல். பனீசியாவில் ஊசிகள் தோலுக்கு இணையாகப் படுத்து வலை பின்னியிருக்கும். நேற்று பிளேடால் பச்சையின் தோலை உரித்து, காயவைத்துப் பார்த்தேன். மீன்வலை மாதிரி அவ்வளவு தெளிவு, பனீசியாவேதான். மஞ்சள் துண்டின் தோல் கிழிந்துவிட்டது, அடுத்த புயலுக்குப் பிறகு புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்.