ஆத்தங்குடிப் பூ, 13 பிரதிகள்

தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல்லின் பூவைச் செதுக்கி, 18 தாளில் அச்செடுத்ததில் 14 தேறியது. அதில் 13 பிரதிகளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, நேற்று காலை காரைக்குடியில் ஸ்பீட் போஸ்டில் போட்டுவிட்டு வந்தேன். வைகாசியில் தொடங்கி ஆடி வரை இழுத்த வேலை. நகக்கண்ணில் மை இன்னும் போகவில்லை. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் 12 பேர். லினோ என்ற மெத்தென்ற தகட்டிலும் மரப்பலகையிலும் படம் செதுக்கி, மை தடவி, கையாலேயே தாளில் அச்செடுப்பவர்கள். திருச்சி, கொடைக்கானல், நாகர்கோவில், புதுச்சேரி என்று ஆளுக்கு ஓர் ஊர். வருஷத்துக்கு ஒருமுறை ஆளுக்கு 13 பிரதி எடுத்து, பொறுப்பு ஏற்றிருப்பவருக்கு அனுப்புவோம். அவர் பிரித்து அடுக்கி, ஒவ்வொருவருக்கும் நம்முடையதும் சேர்த்து 12 அச்சு கொண்ட கட்டாகத் திருப்பி அனுப்புவார். பதின்மூன்றாவது பொதுக் கட்டுக்கு. ஒவ்வோர் அச்சோடும் ஒரு துண்டுச் சீட்டு வைக்க வேண்டும்: என்ன உளி, என்ன மை, என்ன தாள், எங்கே தடுமாறினோம். எனக்கு அச்சு எவ்வளவு முக்கியமோ அந்தச் சீட்டும் அவ்வளவு முக்கியம்.

‘அச்சு எடுக்கிறேன்’ என்று இங்கே சொன்னால் கல்யாணப் பத்திரிகையா என்றுதான் முதலில் கேட்பார்கள். தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் அச்சுக்கலையில் பெரிய பெயர் வாங்கிய ஓவியர் என்று சொல்வேன். நம்ம பக்கத்து ஊர்க்காரரா என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்புறம் விளக்குவது சுலபம்.

போன வருஷம் நான் அனுப்பியது ஒற்றை நிறக் கதவு நிலை. ஒரு பிரதி கறுப்பு, ஒரு பிரதி சாம்பல், ஒன்றில் ஓரம் விழவில்லை. யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் 12 வீட்டில் 12 விதமான கதவு இருக்கிறது என்ற நினைப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. எந்தப் பிரதி யார் கைக்குப் போனாலும் ஒன்றுபோல இருக்க வேண்டும், இந்த வருஷம் அதுதான் குறி.

எடுத்துக்கொண்ட விஷயம் ஆத்தங்குடிக் கல். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி, தன் வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், உட்கார்ந்து வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நல்ல கனமான சுவர், வெயில் உள்ளே ஏறாது. தரையெல்லாம் எட்டு அங்குலக் கற்கள். மஞ்சள் வட்டத்துக்குள் காவிச் சிவப்புப் பூ, கறுப்பு ஓரம். அதையே 15 சென்டிமீட்டருக்குச் சுருக்கி வரைந்தேன். பூ நாலு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் அச்சில் இடம் வலமாக மாறும் தொல்லை இல்லை.

மூன்று நிறத்தையும் ஒரே லினோவில் எடுப்பது என்று முடிவு செய்தேன். ரிடக்‌ஷன் முறை. பிக்காசோ 1950களின் கடைசியில் இந்த முறையில் நிறைய லினோ செய்தார். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை மட்டும் முதலில் செதுக்கி எடுத்துவிட்டு, எல்லாத் தாளிலும் மஞ்சள் அடிக்க வேண்டும். பிறகு அதே லினோக் கட்டையில், மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடத்தைச் செதுக்கிவிட்டுச் சிவப்பு. கடைசியில் சிவப்பாக இருக்க வேண்டியதையும் செதுக்கிவிட்டுக் கறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் கட்டை குறைந்துகொண்டே வரும், திரும்பிப் போக வழி கிடையாது. அதனால்தான் 13 வேண்டுமென்றால் 18 தாளில் தொடங்க வேண்டியிருக்கிறது.

செதுக்குவதில் முதல் பாடம் வெயில். லினோ என்பது ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் சணல் துணிமேல் இழைத்தது. குளிரில் விறைக்கும், சூட்டில் இளகும். புத்தகங்களில், செதுக்கும் முன் இஸ்திரிப் பெட்டியால் லேசாகச் சூடு காட்டச் சொல்லியிருக்கும். நம்மூர் வைகாசிக்கு அது ஆகாது. மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் லினோ பாதி உருகிய வெல்லம் மாதிரி இருக்கிறது. வி வடிவ உளி வழுக்கிக்கொண்டு போகிறது, மெல்லிய கோட்டின் விளிம்பு பிய்ந்து வருகிறது. இரண்டு இதழை அப்படி இழந்தேன். வேறு துண்டில் முதலிலிருந்து தொடங்கினேன். அதன்பின் காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரைதான் உளி. அந்த நேரத்தில் லினோ சுருள் சுருளாக அழகாக வரும்.

அடுத்தது தாள். புதுச்சேரிக் கைத்தயாரிப்புப் பருத்தித் தாள்மேல் எனக்கு ரொம்ப ஆசை. தடிமனான தாள் என்பதால் ஈரப்படுத்தினால்தான் கை அழுத்தத்துக்கு மையை வாங்கும். முதல் நாள் இரவு தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்து, சோதனைக்கு நாலு தாளில் மஞ்சள் அடித்தேன். பிரமாதமாக வந்தது. மூன்று நாள் கழித்துச் சிவப்பு அடித்தால் பூ விலகி நிற்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் தாளை ஒரே இடத்தில் முட்டி நிறுத்தும் மூலை அட்டை ஆடவில்லை, கட்டை அசையவில்லை. அளந்து பார்த்தேன், ஒன்றரை மில்லிமீட்டர். ஈரத்தில் விரிந்த தாள் காய்ந்ததும் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இது திருச்சி நண்பரின் போன வருஷச் சீட்டிலேயே இருந்தது: “ஈரத் தாள் ஒற்றை நிறத்துக்கு மட்டும்.” படித்திருந்தேன். பட்ட பிறகுதான் மண்டையில் ஏறியது.

அவரிடமே போனில் கேட்டேன். நேபாள லோக்தா தாளுக்கு மாறச் சொன்னார். ஒரு வகைச் செடியின் பட்டையிலிருந்து எடுக்கும் மெல்லிய தாள், உலர்ந்தபடியே மையைக் குடிக்கும். ஒரு கட்டில் பாதியை அவரே அனுப்பியும் வைத்தார்.

மை சிவகாசியிலிருந்து வாங்கியது, அச்சகங்களில் பயன்படுத்தும் ஆஃப்செட் மை. இங்கேதான் ரொம்ப நாள் போராடினேன். கண்ணாடிமேல் மையைப் பரப்பி ரோலரை உருட்டும்போது காதைக் கொடுக்க வேண்டும். சரியான பதத்தில் மெல்லிய சரசரப்பு வரும், தாளிப்பு அடங்கப்போகும் நேரத்துச் சத்தம். மேலே பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி நுண்ணிய புள்ளிகள். சளசளவென்று ஈரச் சத்தம் கேட்டால் மை கூடுதல், மெல்லிய கோடுகளெல்லாம் அடைத்துக்கொள்ளும். என் மை வெயிலில் இளகி எப்போதும் சளசளத்தது. குறைத்துத் தடவினால் திட்டுத் திட்டாக விழுந்தது. நாகர்கோவில் அக்காதான் வழி சொன்னார்: மக்னீசியம் கார்பனேட் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து, தகட்டுக் கரண்டியால் மடித்து மடித்துப் பிசைய வேண்டும். கரண்டியைத் தூக்கினால் மை ஒழுகாமல், குட்டையாக அறுந்து விழ வேண்டும். அன்றைக்கு எடுத்த ஏழு தாளும் ஒரே நிறம். அவற்றை வரிசையாகத் தரையில் பரப்பிவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

பிரஸ் என்னிடம் இல்லை. தாளின் முதுகில் எண்ணெய்த் தாள் ஒன்றைப் போட்டு, சாம்பார் ஊற்றும் குழிக்கரண்டியின் அடிப்பக்கத்தால் தேய்க்கிறேன். நடுவிலிருந்து வெளியே, சின்னச் சின்ன வட்டமாக. ஒரு தாளுக்கு எட்டு நிமிஷம் ஆகிறது. லோக்தா மெல்லியது என்பதால் மை ஏற ஏற முதுகிலேயே பூ மங்கலாகத் தெரியும். தெரியாத இடத்தில் இன்னும் நாலு தேய்ப்பு. பிரதிக்குப் பிரதி வேறுபாடு குறைந்தது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

காயப் போடுவதில் ஆடிக் காற்று விளையாடியது. கொடைக்கானல் நண்பருக்கு ஒரு நிறம் காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். எனக்கு மூன்று நாள் போதும். அந்த நினைப்பில் வளவு முற்றத்தில் கொடி கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். மத்தியானம் ஒரு காற்று, செம்மண் புழுதியை முகப்பு வழியாக அள்ளிக்கொண்டு வந்தது. ஈர மஞ்சள்மேல் உட்கார்ந்த புழுதியை ஊதினாலும் போகாது, துடைத்தாலும் போகாது. இரண்டு தாள் போயிற்று. மிச்சத்தை ஆச்சியும் நானும் ஓடி ஓடிக் கழற்றினோம். “உள்ளே கட்டியிருக்கக் கூடாதாப்பா?” என்றார். அதன்பின் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், சன்னலைச் சாத்திவிட்டுத்தான்.

சிவப்பு அடித்தபோது ஒரு தாள் மூலையில் சரியாக முட்டாமல் விலகியது. கறுப்பில் ஒன்று திட்டாக விழுந்தது. ஆக நாலு கழிவு. சிவப்பு விலகிய அன்று மனசே சரியில்லை. சாயங்காலம் முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் போனபோது, பழம்பொருள் கடை ஒன்றில் ரவி வர்மா லட்சுமி படம் சாத்தி வைத்திருந்தது. ரவி வர்மா அச்சகம் 1894இல் மும்பையில் தொடங்கியது. கல்லில் வரைந்து அச்செடுக்கும் அந்தக் காலக் கல்லச்சில் நிறத்துக்கு ஒரு கல். கடைக்காரரிடம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். உதட்டுச் சிவப்பு கோட்டை விட்டு மயிரிழை வெளியே நின்றது. எத்தனை வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்ட படமோ! நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பென்சிலால் இடப்பக்கம் 1/13, 2/13 என்று எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. பதினாலாவதில் ஏ/பி (ஆர்ட்டிஸ்ட் புரூஃப்) என்று எழுதினேன், அது செய்தவனுக்கு உரிய பிரதி.

தபாலில் போட்டுவிட்டு அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு நேரே ஆத்தங்குடிக்குப் போனேன், கல் போடும் அண்ணன் ஒருவரைப் பார்க்க. வரையும் முன் அவர் வேலையைத்தான் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தேன். கண்ணாடிமேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு, அறை அறையாகச் சின்னக் கரண்டியால் கலர் ஊற்றுவார். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் கலவை. கண்ணாடியில் படுகிற பக்கம்தான் கல்லின் முகம். அவரும் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்கிறவர்.

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நம்ம கல்லுதான். கட்டை எங்கே தம்பி?”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கறுப்பு ஓரம் மட்டும்தான் அதில் மிச்சம். பூ இருந்த இடம் பள்ளம்.

“இன்னொண்ணு வேணும்னா?”

“வராதுண்ணே. இந்தப் பதினாலுதான்.”

அவருடைய பூ அச்சு அவர் அப்பா காலத்தது. பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கைச் சிமெண்டைத் துண்டில் துடைத்துவிட்டு, புதுக் கண்ணாடி இரண்டை எடுத்து, நடுவில் தாளை வைத்து, மேல் பரணில் தண்ணீர் படாத இடமாகப் பார்த்துச் சாத்தி வைத்தார்.